சேமக்காலையில் ஒரு குடும்ப இணைப்பு

எஸ்பியர்க், டென்மார்க், 12.10.1988

அன்புள்ள கத்தரீனாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். மகளின் இருமல் விட்டதா?

எனக்குச் சேமக்காலையில் வேலை கிடைத்திருக்கிறது; பயப்பட வேண்டாம். உலகப்போரில் இங்கே அகதிகளாக வந்து இறந்த ஜெர்மன்காரரின் கல்லறைகளைத் திருத்தி நினைவிடமாக்குகிறோம். நேற்று ஒரு தாயின் சிலுவை ஒரு மூலையிலும் அவளுடைய குழந்தையின் சிலுவை மறுமூலையிலும் நிற்பதை மேற்பார்வையாளர் கண்டார். “ஐயோ பாவம்” என்று சொல்லி, மத்தியானத்துக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடுவித்தார்.

எனக்குத் தெரிந்த பெரிய டேனிஷ் சொல் ஒன்றுதான். உங்கள் இருவரையும் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்தின் தலைப்பு அது. அந்த இரண்டு சிலுவைகளையும் காட்டி “குடும்ப இணைப்பு” என்று அவரிடம் சொன்னேன்.

“அது உயிரோடு இருப்பவர்களுக்கான சொல்” என்று திருத்தினார்.



கொஞ்சம் மிளகாய்த்தூளும் மகளின் புதுப் படமும் அனுப்பும். ஒன்றரை வருடமாக அந்த விண்ணப்பத்தில் அவள் கைக்குழந்தையாகவே கிடக்கிறாள்.

பஸ் வருகிறது.

உமது லோரன்ஸ்