சாயப்பட்டறையில் எடுத்த படம்

உன் வீட்டுக்காரர் போன வாரம் வில்லாபுரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். மடியில் வைத்திருந்த கறுப்புப் பையை என் பக்கம் நகர்த்தி, "அவ உங்ககிட்ட குடுக்கச் சொன்னா சிஸ்டர்" என்றார். ஜிப்பைத் திறந்ததும் நீ கைக்குப் போடும் கிரீமின் வாசனை வந்தது. உள்ளே உன் மீடியம் ஃபார்மட் கேமரா. பிடியில் உன் விரல்கள் பட்டுப் பட்டு ரப்பர் வழவழத்துப் போயிருந்தது.

அதை நீ வாங்கிய பிறகுதான் நமக்குள் எல்லாம் கெட்டது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் கேமரா பாவம், அது என்ன செய்யும்?

அதற்கு முன் ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போனவர்கள் நாம். எங்கள் ஜமாத் ஆட்களின் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண்கள் வந்து படம் எடுக்க முடியாது என்பதால், அந்த வேலைகள் என் மூலமாக வந்தன. உன் சொந்தத்தில் பாதிப்பேர் ஜவுளியில் இருந்ததால் சேலைக்கடை வேலைகள் உன் மூலமாக வந்தன. இருவரிடமும் அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராதான் இருந்தது. எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை.

"பெரிய சென்சார்ல எடுத்துப் பாருடி ஷமீமா. முகத்துல நிழல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியாது."

"அது ஃபோகஸ் தேடி முடிக்கிறதுக்குள்ள கல்யாணப் பொண்ணு பிரியாணியே சாப்ட்டு முடிச்சிரும்."

வண்டி ஓட்டிக்கொண்டே சிரிப்பாய். அப்போது அது சண்டை இல்லை.

நீ அதை வாங்கிய புதிதில், சிம்மக்கல் துணிக்கடைக்காரருக்காக விளாங்குடி தாண்டி இருந்த அந்தச் சாயப்பட்டறைக்குப் போனோம். புதுக் கேமராவை முக்காலியில் நிறுத்தி, சுங்குடிச் சேலை காயப்போட்ட அக்காவை நிற்கவைத்தாய். "அப்படியே நில்லுங்கக்கா, அசையாதீங்க" என்று நீ சொல்லச் சொல்ல அவர் மரம் மாதிரி விறைத்துப்போனார். உனக்கு ஒரு படமும் அமையவில்லை. நீ லென்ஸ் மாற்றக் குனிந்தபோதுதான் பொட்டல் காற்று அடித்தது. ஈரச் சேலை பறந்து அவர் முகத்தில் அறைந்தது. "ஆத்தி! சேலைக்கு என்மேல என்னா கோவம்!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஓரமாக நின்ற நான் என் கேமராவில் அதை எடுத்தேன்.

கடைக்காரருக்கு எல்லாப் படங்களையும் சேர்த்து அனுப்பினோம். அவர் அந்தப் படத்தைத்தான் சுவர் அளவுக்கு அச்சடித்து மாட்டினார். பார்க்கப் போன அன்று உன்னைப் பார்த்து, "பெரிய கேமரான்னா பெரிய கேமராதாம்மா. நூலு நூலாத் தெரியுது பாருங்க" என்றார். நீ புன்னகைத்தாய். அது நான் எடுத்தது என்று நீ சொல்வாய் எனக் காத்திருந்தேன். படியிறங்கும்போது கேட்டதற்கு, "ஒரு படம்தானடி, விடு. நீ வேற நான் வேறயா?" என்றாய்.

விட்டேன். ஆனால் நீ விடவில்லை. அந்தப் படத்துக்கு உன் பெயரில் பரிசு வந்தது. பிறகு ஒரு கல்லூரியில், இந்த இரண்டு வகைக் கேமராவையும் ஒப்பிட்டுப் பேச உன்னைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் நானும் இருந்தேன். திரையில் அதே படத்தைப் போட்டு, "ஃபுல் ஃபிரேமில் இது கிடைக்காது" என்று மாணவர்களுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தாய். எழுந்து நின்று கேட்டேன்.

"இது எந்தக் கேமராவுல எடுத்தது?"

என் கண்ணைப் பார்த்தாய். தயங்கக்கூட இல்லை. "என்னோடதுலதான்."

அன்றோடு நான் உன்னோடு பேசவில்லை. உனக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மகளின் படிப்பை விசாரித்தாய். மழை உண்டா என்று கேட்டாய். அறையில் நாம் இருவர் மட்டுமே இருந்தோம். நான் வேண்டுமென்றே நேரம் கடத்தினேன், நீ அந்தப் பேச்சை எடுப்பாய் என்று. கிளம்பும்போது கையைப் பிடித்து, "வெயில்ல ரொம்ப அலையாதடி" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

உன் வீட்டுக்காரர் கேமராவைக் கொடுக்க மட்டும் வரவில்லை. உன் வருசத் திதிக்கு அந்தச் சாயப்பட்டறைப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டில் மாட்ட நினைக்கிறாராம். "அவ ஹார்ட் டிஸ்க் பூராம் தேடிட்டேன் சிஸ்டர். சின்ன ஃபைல்தான் இருக்கு, ஒரிஜினலக் காணோம். உங்ககிட்ட இருக்குமா?"

"இருக்குண்ணே. அது நான் எடுத்தது."

அவர் முகம் மாறிப்போனது. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேண்ணே. அவகிட்டயே கேட்டேன்."

"இனி அவ வந்தா பதில் சொல்லப்போறா?" என்று எழுந்தார். "வாரேன் சிஸ்டர்." வாசலில் செருப்பு மாட்டும்போது என் முகத்தை அவர் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்ன அன்று, செத்தவள் மேல் பழி போடுகிறவளாகிவிட்டேன்.

மறுநாள் ஜன்னலோரம் மகளை உட்காரவைத்து உன் கேமராவில் ஒரு படம் எடுத்தேன். நீ சொன்னதெல்லாம் சரிதான். அவள் கன்னத்தில் நிழல் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. உன் கையில் இவ்வளவு நல்ல கேமரா இருந்தது, அதில் எடுக்க உனக்குக் கைத்திறனும் இருந்தது. என் படத்தைத் திருடாமலே நீ சொன்னதை நிரூபித்திருப்பாய். அதுதான் வயிறெரிகிறது.

அன்று சாயங்காலமே ஒரிஜினலை உன் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். யார் பெயர் போட வேண்டும் என்று எதுவும் எழுதவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. சின்ன ஃபைலை இழுத்துப் பெரிதாக்கினால் அந்த அக்காவின் சிரிப்பு திட்டுத்திட்டாக உடைந்துபோகும். உன் சுவரில்கூட என் படம் அப்படித் தொங்குவதை என்னால் தாங்க முடியாது.

இப்போதும் கல்யாண வீட்டில் யாராவது என் வேலையைக் குறைத்துப் பேசினால், வெளியே வந்ததும் கை தானாக ஃபோனை எடுத்து உன் பெயரைத் தேடுகிறது. எவர் மேல் கோபம் வந்தாலும் உன்னிடம்தானே கொட்டுவேன். உன் மேல் இருக்கும் இந்தக் கோபத்தைக் கொட்டத்தான் ஆள் இல்லை.