முப்பத்தெட்டாம் இலக்கம்

அண்ணா,

மான் தின்று மிச்சம் விட்ட தாள் என் முன்னால் மேசையில் கிடக்கிறது. போன மாதம்தான் உங்கள் அலுமாரியை ஒதுக்க எனக்கு மனம் வந்தது. பச்சை மட்டை போட்ட சி.ஆர். கொப்பிக்குள் அதை நான்காக மடித்து வைத்திருந்தீர்கள். மேல் மூலை முழுவதும் இல்லை. பல் பட்ட ஓரம் இன்னும் சுருண்டுபோய் இருக்கிறது.

கோயிலை ஒட்டிய ஃபாதரின் அறைவீட்டில் பழைய பதிவுப் புத்தகங்களைப் பார்த்து, இரண்டு மணித்தியாலம் கண்ணைக் கசக்கிக் கசக்கி நீங்கள் எழுதிய குறிப்பு அது. வெளியே வந்து, வேப்பமரத்தடிச் சீமெந்துக் கட்டின் மேல் தாளை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தீர்கள். இந்த ஊர் மான்களுக்குக் காடும் ஒன்றுதான், கச்சேரி அலுவலக வாசலும் ஒன்றுதான். நான் "ஐயோ" என்று கத்துவதற்குள் ஒரு மான் தாளைக் கடித்து இழுக்க, எங்கள் மூதாதை சவரிமுத்துவின் மூன்று பிள்ளைகள் பெயரோடு அதன் வாய்க்குள் போய்விட்டார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "நாளைக்குத் திரும்ப வந்து எழுதுவம்" என்று மட்டும் சொன்னீர்கள். துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தே நரைத்த மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

ஓய்வு பெற்ற மறு மாதமே உங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மற்றவர்கள் ஓய்வு பெற்றால் முற்றத்தில் கத்தரி நடுவார்கள். நீங்கள் செத்தவர்களைத் தேடப் புறப்பட்டீர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர் சவரிமுத்து. வெள்ளைக்காரனின் கப்பல்களுக்குத் தச்சுவேலை செய்ய அக்கரையிலிருந்து வந்தவர். அப்பா சொல்லி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எப்போது இறந்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அது உங்களுக்குப் பொறுக்கவில்லை.

மரித்தோர் திருநாள் வர முன்னர் எங்கள் கோயிலில் ஒவ்வொரு குடும்பத்திடமும் பெயர்ப் பட்டியல் கேட்பார்கள். அன்றைய பூசையில் அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் வாசிப்பார்கள். எங்கள் வீட்டுப் பட்டியலில் அப்பா, அம்மா, பெரியப்பா என்று பத்துப் பெயர்கூட இருக்காது. அது போதாது, சவரிமுத்துவில் தொடங்கி ஒருவரும் விடுபடாமல் வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள்.

"அதுகள் எப்பவோ மோட்சத்துக்குப் போயிருக்குங்கள் அண்ணா," என்றேன்.

"போகாட்டி?"

"அப்ப ஆராவது செபிச்சிருப்பினம்."

"பேர் தெரியாமல் எப்பிடிப் பிள்ளை செபிக்கிறது?" என்றீர்கள். அதன் பிறகுதான் சனிக்கிழமைதோறும் லிங்கநகர் வீட்டிலிருந்து உங்கள் பின்னால் வரத் தொடங்கினேன்.

அந்தப் புத்தகங்களை நினைத்தால் இப்போதும் மூக்கு அரிக்கிறது. பாதியைக் கறையான் தின்றிருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலங்களில் சாக்கில் கட்டித் தூக்கித் திரிந்ததால் மிச்சம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. பழைய ஃபாதர்மார் எல்லாவற்றையும் இலத்தீனில் எழுதிவைத்திருந்தார்கள். சின்ன வயதில் பீடத்தில் உதவிசெய்தபோது பாடமாக்கிய இலத்தீனை வைத்துக்கொண்டு நீங்கள் எழுத்துகளோடு மல்லுக்கட்டினீர்கள். நான் இலக்கங்களை வாசித்தேன்.

அப்போதுதான் அந்தோனியில் மாட்டுப்பட்டோம். சவரிமுத்துவின் மூத்த மகன் அந்தோனி. நாங்கள் அவருடைய வழி. ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இருந்தது, கலியாணப் புத்தகத்திலும் இருந்தது. ஆனால் மரணப் புத்தகத்தில், தச்சன் சவரிமுத்துவின் மகன் அந்தோனி காய்ச்சலில் இறந்ததாக எழுதியிருந்தது. வயது இரண்டு. இரண்டு வயதில் இறந்தவர் எப்படிக் கலியாணம் முடித்து ஐந்து பிள்ளை பெற்றார்?

"ஃபாதர் பிழையா எழுதிப்போட்டார்," என்றேன். "வெயில் தாங்காமல் தலை சுத்தியிருக்கும் மனிசனுக்கு."

நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள், அல்லது நம்பியதுபோல் இருந்தீர்கள். அந்த மரணத்தைக் கொப்பியில் ஒரு கோட்டால் வெட்டிவிட்டு மேலே போனோம். மாதக் கணக்கில் அவன் வெட்டுப்பட்டே கிடந்தான். பிறகு ஒரு சனிக்கிழமை, ஒட்டிக்கிடந்த இரண்டு பக்கங்களை நான் கத்தி முனையால் பிரித்தபோது, இன்னொரு ஞானஸ்நானம் இருந்தது. அதே தகப்பன், அதே தாய், அதே அந்தோனி. காய்ச்சலில் பிள்ளை இறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது.

"முந்தி அப்பிடித்தான்," என்றீர்கள், புத்தகத்தைவிட்டுத் தலையை எடுக்காமல். "செத்த பிள்ளையின்ர பேரை அடுத்த பிள்ளைக்கு வைப்பினம். அப்ப அந்தப் பேர் வீட்டை விட்டுப் போகாது."

எனக்கோ முடிச்சு அவிழ்ந்த சந்தோஷம். வாய் சும்மா இருக்குமா? "பாவம் அந்த ரெண்டாவது பெடியன். செத்தவன்ர சட்டையைப் போட்டுக்கொண்டு சீவியம் முழுக்கத் திரிஞ்சிருக்கிறான். தெரிஞ்சிருந்தா விசர் பிடிச்சிருக்கும். நல்ல காலம், எங்கட வீட்டில அப்பிடியொண்டும் நடக்கேல்லை."

நீங்கள் பேனையை மூடினீர்கள். தண்ணீர் குடிக்க என்று வெளியே போனீர்கள். வர வெகுநேரம் எடுத்தது. புத்தகத் தூசு பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் உங்களுக்குக் குடிக்கக் கோப்பி வாங்கித் தந்தேன். அண்ணா, அந்த வார்த்தைகளை இப்போது திரும்பப் பொறுக்கி எடுக்க வழியிருந்தால் முழங்காலில் நின்றாவது எடுப்பேன்.

அந்த வருடப் பட்டியலில் அந்தோனியை இரண்டு தரம் எழுதிக் கொடுத்தீர்கள். கோயிலில் பெயர்களை வாசித்த வாத்தியார், கை தவறி இரண்டு தரம் விழுந்துவிட்டது என்று நினைத்து ஒரு தரம்தான் வாசித்தார். வீட்டிலேயே சத்தம் போட்டுக் கதைக்காத நீங்கள், கோயில் நிறைந்த சனத்துக்கு நடுவில் எழும்பி நின்றீர்கள். "ரெண்டு அந்தோனி," என்றீர்கள். "ரெண்டு பேர். மற்றவனையும் வாசியுங்கோ." எனக்கு வெட்கமாக இருந்தது, உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாத்தியார் இன்னொரு தரம் வாசித்த பிறகுதான் வாங்கில் அமர்ந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்தது மத்தியானம், ஆட்களைப் பார்க்க விடும் நேரம். என்னைப் பார்க்கவில்லை நீங்கள். கட்டிலின் கால்மாட்டில் இடுப்பளவு உயரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பிலோமினா," என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் நான் பேபி. உங்கள் வாயில் பிள்ளை. ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி அம்மாகூட ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. "பிலோமினா, தண்ணிக்குக் கிட்டப் போகாதை."

"போகேல்லை அண்ணா," என்று உங்கள் கையைப் பிடித்தேன். "இஞ்சதான் நிக்கிறன்."

உங்கள் முகம் அப்படியே இளகியது. அன்று பின்னேரம் போய்விட்டீர்கள்.

இந்த வருடம் பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. அதற்காகத்தான் கொப்பியைத் தேடினேன். சவரிமுத்துவை முதலில் வைத்து, மற்றவர்களுக்கு இறந்த ஒழுங்கில் இலக்கம் போட்டிருந்தீர்கள். ஒன்று சவரிமுத்து. முப்பத்தேழு பெரியப்பா. முப்பத்தொன்பது அப்பா, நாற்பது அம்மா. முப்பத்தெட்டுக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஒரு எழுத்து, ஒரு புள்ளிகூட இல்லை. ஒருவரும் விடுபடக்கூடாது என்று நின்ற ஆள் ஒருவரை விட்டிருக்கிறார் என்றால், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெரியப்பாவுக்குப் பிறகு, அப்பாவுக்கு முதல், எங்கள் வீட்டில் இறந்தது யார்? நாற்பத்தோராவதாக உங்கள் பெயரை எழுத முன்னர் இந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அறைவீட்டுக்குப் போனேன்.

இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளை கெட்டிக்காரி. அப்பாவின் பெயரைச் சொன்னதும் மரணப் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அன்ரி, இதில உங்கட பேரெல்லோ கிடக்கு?"

பார்த்தேன். அப்பாவின் பெயர். அம்மாவின் பெயர். நடுவில் பிலோமினா. வயது மூன்று. நீரில் மூழ்கி மரணம்.

நான் சிரித்தேன், அண்ணா. "ஆரோ பிழையா எழுதிப்போட்டினம்," என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அதே பிழை, அதே வாய். சொல்லிவிட்டுத்தான் திகதியைப் பார்த்தேன். நான் பிறப்பதற்கு ஒரு வருடம் முந்தியது. அந்தப் பிள்ளை கதிரையை இழுத்து என்னை இருத்தினாள். அவளுக்கு என்னைப் பார்க்கப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து நேரே உவர்மலைக்குப் போனேன், திரேசா மாமியிடம். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. அம்மாவோடு பழகியவர்களில் இனி அவர் ஒருவர்தான் மிச்சம். கேட்டதும் அழுதார். உங்களில்தான் தொடங்கினார்.

"கொண்ணன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனவன், கப்பல் காட்ட. அவனுக்கு ஒன்பது வயசு. இறங்குதுறைப் படியில அவளை இருத்திப்போட்டு, கரையில கிடந்த கயித்துத் துண்டொண்டை எடுக்கப் போயிருக்கிறான். திரும்பி வரேக்க பிள்ளை இல்லை. கொம்மா ஒரு வார்த்தை ஏசேல்லை. ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். பெடியன் கதைக்கிறதையே விட்டிட்டான்."

"பிறகு?"

"பிறகென்ன, நீ பிறந்தாய். கொப்பர் உன்னைத் தூக்கி அவன்ர மடியில வைச்சவர். 'இந்தா பார், பிலோமினா திரும்பி வந்திட்டாள். இனிக் கதை ராசா' எண்டவர். அண்டைக்குத்தான் அவன்ர வாய் திறந்தது. நான் பக்கத்தில நிண்டனான்."

"எனக்கு ஏன் மாமி ஒருத்தரும் சொல்லேல்லை?"

"கொம்மா சொல்லத்தான் பாத்தவ. கொண்ணன் ஏலாது எண்டு நிண்டவன். அந்தப் பிள்ளையாவது பாரமில்லாமல் வளரட்டும் எண்டு அழுதவன்."

எனக்குக் கோபம் வந்தது. அதை உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? பஸ்ஸில் வரும்போது வாய்விட்டே உங்களை ஏசினேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார். காய்ச்சல் வந்தபோது என் நெற்றியில் வைத்த கை யாருக்காக வைத்தது? நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது கண் கலங்கியது யாருக்காக? உள்துறைமுக வீதியில் நடக்கும்போதெல்லாம் கடல் பக்கம் நீங்கள், மதில் பக்கம் நான். மூன்று பக்கமும் கடல் கிடக்கும் ஊரில் பிறந்து, முழங்காலளவு தண்ணீரில் நான் நின்றதில்லை. சளி பிடிக்கும் என்றீர்கள். நானும் நம்பினேன்.

சில நாட்கள் வீட்டில் தனியே இருக்க ஏலாமல் போய்விட்டது. குசினி அடுப்படியில் நின்றால் பின்னால் ஒரு சின்னப் பிள்ளை நிற்கிறது. பயம் என்று சொல்ல மாட்டேன். ஒரு சாமானைக் கேட்டு வந்து, கேட்க வெட்கப்பட்டு நிற்கும் பிள்ளைபோல நின்றாள். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதை நான் அறுபது வருடமாக வைத்திருக்கிறேன். வங்கிப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் கலியாணப் பத்திரத்திலும் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒருவரும் அவளுக்காகச் செபிக்கவில்லை, அவளுடைய பெயரைச் சொன்னால் நான் திரும்பிப் பார்ப்பேன் என்பதால்.

மெல்ல மெல்ல உங்களையும் விளங்கிக்கொண்டேன். சவரிமுத்து எல்லாம் ஒரு சாட்டு. எனக்குச் சொல்ல ஏலாமல், எழுதாமலும் இருக்க ஏலாமல், எத்தனையோ தலைமுறையைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வரப் பார்த்திருக்கிறீர்கள். முப்பத்தெட்டுவரை வந்துவிட்டீர்கள். அதற்கப்பால் உங்களுக்குக் கால் எழவில்லை. கோயிலில் எழும்பி நின்று கேட்டதும் அந்தோனிக்காக மட்டும் இல்லை. என் முன்னால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைத்தான் இன்னும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நீங்கள் கூப்பிட்டது அவளை. பதில் சொன்னது நான். அதைக் கேட்டு நிம்மதியாகப் போனீர்கள். அது பொய்யா, பிழையா, எனக்குத் தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் மிச்சக் காலம் இருக்கப் போகிறேன்.

பட்டியலை நானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முப்பத்தெட்டில் பிலோமினா, வயது மூன்று. நாற்பத்தொன்றில் நீங்கள். அறைவீட்டுப் பிள்ளை தயங்கினாள். "அன்ரி, ஆக்கள் உங்களைப் பாப்பினம்." பார்க்கட்டும் என்றேன்.

இன்று காலைப் பூசையில் வாசித்தார்கள். பெரியப்பாவின் பெயருக்குப் பிறகு, "பிலோமினா". முன்வாங்கில் இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பள்ளிக்கூடத்தில், வங்கியில், எங்கே அந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் "ஓம்" என்று சொல்லி எழும்பியே எனக்குப் பழக்கம். இன்றைக்கும் "ஓம்" தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பிறகு வாங்கில் மதில் பக்கமாகச் சற்று ஒதுங்கி, மூன்று வயதுப் பிள்ளை இருக்கப் போதுமான அளவு இடம் விட்டுக்கொடுத்தேன்.