நாற்பது நிமிடம் இருந்த பதிவு

இன்று காலை சர்வர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. எர்ணாவூரில் தூசி என்றால் பாதி சாம்பல், பாதி உப்பு. நீ மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் அதைத் தள்ளிச் சுத்தம் செய்வாய். இப்போது அந்த வேலை என்னுடையது. பாதி தள்ளிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ படிக்கப்போவதில்லை என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

இந்தப் பெட்டி வருவதற்கு முன்பு நம் பகுதிக்கு ஒரு பெரிய கம்பெனியின் சமூக வலைத்தளத்தில் ஒரு குழு இருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும், எந்த பிளாக்கில் கரண்ட் இல்லை, முகத்துவாரத்தில் அலை எப்படி, யாருக்கு ரத்தம் வேண்டும் என்று எல்லாமே அதில்தான். பிளஸ் டூவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம் இருவரும்தான் அதைக் கவனித்துக்கொண்டோம். நீ கண்டெய்னர் யார்டு ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தாய். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

ஒருநாள் குழு காணாமல் போனது. வசைச் சொற்கள் இருந்தனவாம். ஃபைபர் படகு வைத்திருக்கும் தேவராஜ் அண்ணன் தன் நண்பருக்குப் போட்ட பிறந்தநாள் வாழ்த்தாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் திட்டு இல்லாமல் வாழ்த்து ஏது? கம்பெனியின் இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. முறையீடு எழுதினோம். அதற்கும் இயந்திரமே பதில் சொன்னது. பல வருடத்துப் பேச்சும் படங்களும் போயின.

“நம்ம பேசறதே கலீஜுன்னுட்டான் போல” என்று தேவராஜ் அண்ணன் சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

நீ சொன்னாய்: “அவன் வூட்டு வாசல்ல குந்திகினு இருந்தோம். எழுந்து போன்னா போவத்தான் வேணும்.”

இரண்டு வாரம் கழித்து உன் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நீ ஏற்றியிருந்த மென்பொருள் யாருக்கும் சொந்தமில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்றாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. தேவராஜ் அண்ணனுக்கு நீ விளக்கியதைக் கேட்டபோதுதான் மீதியும் புரிந்தது. “ஒவ்வொரு ஊர்லயும் ஒரு போஸ்ட் ஆபீஸ் கீது இல்லண்ணா? அந்த மாதிரி. கோயமுத்தூருல ஒரு பொண்ணு ஒண்ணு வச்சிருக்கு. திருச்சில ஒருத்தர் வச்சிருக்காரு. இது நம்மளுது. இங்க எழுதுனா அங்க போவும், அங்க எழுதுனா இங்க வரும். மொத்தத்துக்கும் முதலாளின்னு ஒருத்தன் கெடையாது.”

“அப்ப உன் பொட்டிக்கு நீதான முதலாளி?” என்றார் அவர்.

நீ சொன்னாய்: “ஒருத்தன் கையில எல்லாரு வாயும் இருக்கக் கூடாதுண்ணா. என் கையிலயும்தான்.” அன்றே எனக்கும் ஒரு கணக்கைத் திறந்து, பதிவுகளை நீக்கவும் நிறுத்தவும் அதிகாரம் கொடுத்தாய்.

ஒரு வருடம் போல நன்றாகத்தான் போனது. பிறகு அந்த மாலை.

பள்ளி விடும் நேரம். ஆசிரியர் அறையில் போனைத் திறந்தேன். பக்கத்து பிளாக்கைச் சேர்ந்த ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். எங்கள் பள்ளிக்கு அருகே ஒரு ஆள் சின்னப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். ‘புள்ள புடிக்கிறவன், உஷார்’ என்று கீழே இருந்தது. நீக்கும் அதிகாரம் என் கையில் இருந்தது. நான் அதைப் பகிர்ந்தேன். ‘எங்கள் பள்ளிப் பெற்றோர் கவனத்துக்கு’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். டீச்சரே சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

நீ யார்டிலிருந்து கூப்பிட்டாய்.

“நீ கண்ணால பாத்தியா?”

“இல்ல. ஆனா எல்லாரும்...”

“எல்லாரும் இன்னா பாத்தாங்க? நீ போட்டதத்தான் பாத்தாங்க.”

போனை வைத்துவிட்டாய். பதிவு ஏறி நாற்பது நிமிடம் கழித்து அதை நீக்கினாய். ஆனால் அதற்குள் அதன் நகல்கள் மற்ற ஊர்களின் பெட்டிகளுக்குப் போயிருந்தன. கோயம்புத்தூர்ப் பெண்ணை அழைத்தாய். ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துவிட்டாள். திருச்சிக்காரர் போனை எடுக்கவில்லை. அவரைக் கேட்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது. முதலாளி இல்லாத இடத்தில் புகார் சொல்லவும் முதலாளி இல்லை.

படத்தில் இருந்தவர் சுசாந்த், ஒடிசாக்காரர். யார்டில் கண்டெய்னர்களுக்கு பெயிண்ட் அடிப்பவர். உனக்கு முகம் தெரியும். யார்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் வாடகை அறைகளில் ஒன்றில் தங்கியிருந்தார். அங்கே ஆட்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்து நாம் போய்ச் சேர்ந்தபோது முப்பது பேர் போல நின்றார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது. அவர் உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருந்தார்.

நீ கூட்டத்தை விலக்கிப் போய் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாய். நானும் பக்கத்தில் போய் நின்றேன். வேறு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

“நீ ஏம்மா குறுக்க வர்ற?” என்றது ஒரு குரல்.

“அந்தப் படம் என் வூட்டுப் பொட்டிலேந்துதான் வந்துச்சு. விசாரிக்காம வுட்டது நானு. அடிக்கணும்னா என்கிட்டேந்து ஆரம்பிங்க.”

உன் குரல் ஏறவில்லை. யாரும் கலையவும் இல்லை, முன்னே வரவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. அப்புறம் படத்தில் இருந்த சிறுமியின் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தையின் முழங்காலில் துணி கட்டியிருந்தது. “சாக்கடையாண்ட வுயுந்துட்டா. இந்த ஆளுதான் தூக்கி வுட்டு என்கிட்ட கூட்டியாந்தாரு. உங்களுக்கு இன்னாய்யா வந்துச்சு?” என்றாள்.

கூட்டம் போய்விட்டது. யாரும் யாரையும் பார்க்காமல் போனார்கள்.

சுசாந்துக்கு நெற்றியில் கல் பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது அவர் ஒன்றுதான் கேட்டார். “அக்கா, போட்டோ இன்னும் இருக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீ சொன்னாய்: “எங்க பொட்டில இல்ல. திருச்சில ஒரு எடத்துல கீது. எடுக்க வெக்கிறேன்.” மறுநாள் திருச்சிக்காரர் எடுத்துவிட்டார். அதையும் நேரில் போய்ச் சொன்னாய்.

கூட்டம் கூடிய அன்றே எல்லோரும் பார்க்கும்படி ஒரு அறிவிப்பு எழுதினாய். அந்தப் பதிவு நாற்பது நிமிடம் இருந்தது, அது பொய், ‘பொறுப்பு என்னுடையது’ என்று உன் பெயரைப் போட்டாய். என் பெயர் அதில் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“உன் பேர நீ போடு. நான் போட மாட்டேன்.”

நான் போடவில்லை. பள்ளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நாளைக்குப் போடலாம் என்றும் யோசித்தேன். நீ மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பிளாக் மொட்டைமாடியில் எல்லோரையும் கூட்டினாய். முகம் தெரியும்படி படம் போட்டு ஒருவர் மேல் பழி சொல்வதானால், மூன்று பேர் விசாரித்துச் சரி என்ற பிறகுதான் வெளியே விடுவது என்று முடிவானது. தேவராஜ் அண்ணன் கை தூக்கினார். “திட்டிக்கலாமா, கூடாதா? அத்த சொல்லு.”

“தோஸ்துங்கள திட்டிக்கண்ணா. தெரியாதவன திட்டாத.”

அன்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் உன் சிறுநீரகம் பழுதானது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருநாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே கடவுச்சொற்கள் எழுதிய காகிதத்தை என்னிடம் நீட்டினாய். வாங்கிக்கொள்ள உன் தங்கை இருந்தாள், தேவராஜ் அண்ணன் இருந்தார். எனக்கு எதற்கு என்றேன்.

“தப்பு பண்ணிப் பாத்தவ நீதான். கை நடுங்கும் உனக்கு. நடுங்கற கைல இருக்கட்டும்.”

நீ போன பிறகு பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிலர் பழைய கம்பெனித் தளத்துக்கே திரும்பிவிட்டார்கள். அங்கேதான் சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே பாதிக்கும் குறைவானவர்களே மிச்சம். தேவராஜ் அண்ணன் தினமும் முகத்துவாரத்தின் நிலவரம் எழுதுகிறார். திட்டவும் செய்கிறார்.

சுசாந்த் ஊருக்குப் போய்விட்டார். அங்கே யாரோ நடத்தும் ஒரு பெட்டியில் அவருக்குக் கணக்கு இருக்கிறது. அங்கிருந்தே நம்மைப் பின்தொடர்கிறார். நீ இறந்த செய்தியை நான் எழுதியபோது அவரிடமிருந்து பதில் வந்தது. போனே மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழ்: ‘கதவின் முன் நின்ற இரண்டு அக்காக்களைப் பற்றி என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் போய்விட்டார். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் இருவருக்கும் நன்றி.’

அந்தப் படத்தைப் பகிர்ந்தது நான்தான் என்று நான்கு வரி எழுதினேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு, அவர் பதிலுக்கு ஒரு விருப்பக்குறி மட்டும் போட்டேன்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. நடுவில் அவர் மகளின் படம் ஒன்று போட்டார். பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல். ஏழெட்டு வயதிருக்கும். அவளிடம் அவர் சொல்லும் கதையில் நான் இன்னும் உன் பக்கத்தில், அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.