உங்கள் இலையில் நை மிரிஸ்

உயிரோடு இருந்தபோது ஒரு சாப்பாட்டு நேரத்துக்கும் வீட்டில் அகப்படாமல், செத்த பிறகு அமாவாசை தவறாமல் நடுவீட்டில் இலை போட்டு உட்காரும் என் அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்கப் போவதில்லை. செத்தவரிடம் சுகம் கேட்பது எனக்கே கொஞ்சம் அதிகமான நக்கல். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீங்களும் கேட்டதில்லை. ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா போய்விட்டாள். பதறாதீர்கள், உங்களிடம் இல்லை. குவைத்துக்கு, ஒரு வீட்டில் வேலைக்கு, இரண்டு வருடத்துக்கு. எங்கள் காம்பரா வீட்டில் இப்போது நானும் தங்கச்சி குட்டியும்தான். சித்தி அதே லய வரிசையில் இரண்டு வாசல் தள்ளி இருப்பதால் எங்கள் மேல் ஒரு கண் வைத்திருக்கிறாள். அந்த ஒரு கண்ணே நாலு கண்ணுக்குச் சமம்.

புறப்படும் முன் அம்மா வீட்டு வேலைகளை ஒவ்வொன்றாக என் தலையில் இறக்கினாள். குட்டிக்குத் தலை வாருவது, பீலியில் தண்ணீர் பிடிப்பது, மழைக்கு முன் விறகை உள்ளே எடுப்பது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகச் சொன்னாள், "நான் இல்லாதப்ப ஒங்கப்பாவுக்கு எல போடாம விட்றாத புள்ள. நீதான் மூத்தவ."

அதற்கு மட்டும் முடியாது என்றேன். மாதா மாதம் உங்களுக்குச் சமைத்து, இலை போட்டு, கற்பூரம் கொளுத்த நான் மாட்டேன். நாலு நாள் எங்கள் வீட்டில் அதுதான் சண்டை. நீங்கள் செத்தும் நீங்கள்தான் சண்டை.

என்ன செய்தீர்கள் எங்களுக்கு? எனக்குப் பத்து வயதில் வரக்காப்பொல பேக்கரிக்கு வேலைக்குப் போனீர்கள். முதல் வருடம் மாதத்துக்கு ஒரு தடவை சீனி ஒட்டிய கிம்புலா பனிஸ் பையோடு வந்தீர்கள். பிறகு தீபாவளிக்கு. பிறகு தோன்றினால். அப்பப்ப வந்தால்தான் அப்பா என்று குட்டி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஊருக்கு வராதபொல என்று பெயர் மாற்றினேன். லயமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் வந்தீர்கள், ஈரல் வீங்கி, கண் மஞ்சளாகி, யாரோ ஒருவர் ஆட்டோவில் ஏற்றிவிட. மூன்று மாதம் அம்மா உங்களைக் கழுவித் துடைத்தாள். பிறகு போய்விட்டீர்கள். இந்தத் தடவை உண்மையிலேயே.

உங்கள் ஆத்மா சாந்தி அடைய வேண்டும் என்று நோட்டீஸ் அடித்து பஸ் ஹோல்ட்டில் ஒட்டினார்கள். எனக்குச் சாந்தி என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். இந்தச் சாந்தியை அவ்வளவு லேசில் அடைந்துவிட முடியாது என்று அந்த நோட்டீஸுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளிடம் சொன்னேன். சித்தி காதைத் திருகினாள்.

அதன் பிறகு ஒவ்வோர் அமாவாசையும் அம்மா விடியுமுன் மலையேறி, ரப்பர் மரங்களில் பட்டை சீவி, பாலைச் சேர்த்துச் சுமந்து போய் ஸ்டோரில் ஊற்றிவிட்டு, வந்ததும் வராததுமாகத் தலைக்குக் குளித்துச் சமைப்பாள். உங்களுக்குப் பிடிக்கும் என்று பலாக்கொட்டைக் கறி. இலை போட்டு, உங்கள் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பாள். அவள் தீப்பெட்டியை எடுக்கும்போதே நான் வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விடுவேன். கற்பூரம் அணைந்த பிறகு நடப்பதை நான் பார்த்ததே இல்லை. அதுதான் வினையாகிவிட்டது.

அம்மா போவதற்கு முன் வந்த கடைசி அமாவாசை. "எப்புடியும் நீதானே இனிமே செய்யணும், பழகிக்க," என்று சமையலை என்னிடம் விட்டாள். செய்கிறேன் என்றேன். அவ்வளவு சுலபமாக நான் ஒத்துக்கொண்டபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலாளி கடைக்குப் பின்னால் நை மிரிஸ் மிளகாய்ச் செடி நிற்கிறது, உங்களுக்குத் தெரியும். மஞ்சளாகக் குண்டாக இருக்கும், கிள்ளிய விரலைக் கண்ணில் வைத்தால் ஒரு நாள் முழுக்க அழலாம். "துவே, எக்கக் எத்தி!" என்று முதலாளி கத்தினார், ஒன்று போதும் மகளே என்று. நான் நாலு பறித்தேன். அரைத்து, உங்கள் இலைக்கு எடுத்து வைத்த பலாக்கொட்டைக் கறியில் மட்டும் கலந்தேன்.

என் திட்டம் இதுதான். படைத்த பிறகு உங்கள் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றைப் பிசைந்து காக்காய்க்கு வைப்பார்கள். காக்காய் தொடாவிட்டால் செத்தவர் ஏற்கவில்லை என்று அர்த்தம். காக்காய் வாயைச் சுட்டுக்கொண்டு பறக்கட்டும், 'அவருக்கே வேண்டாமாம், விடுங்கம்மா' என்று சொல்லி இந்த வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காக்காய் வந்தது. முழுவதையும் தின்றது. கூரைத் தகரத்தில் அலகைத் தீட்டிவிட்டு இன்னும் இருக்கிறதா என்பதுபோல என்னைப் பார்த்தது. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காதாம், விஞ்ஞான டீச்சர் மறுநாள் சொன்னார். எனக்குப் பாடம் எப்போதும் பரிசோதனைக்குப் பிறகுதான் வருகிறது.

நான் உள்ளே திரும்பியபோது அம்மா உங்கள் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள்.

உங்கள் இலையைச் சாப்பிடுவது அம்மா. ஒவ்வோர் அமாவாசையும் அவள்தான் சாப்பிட்டிருக்கிறாள். பீலியில் நின்ற எனக்கு அது தெரியாது.

அம்மாவின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். மூக்கு சிவந்தது, கண்ணில் தண்ணீர் கட்டியது. இரண்டாவது வாய் எடுத்தாள்.

"அம்மா, வேணாம். வச்சிருங்க."

"ஏன்? நல்லாத்தானே சமைச்சிருக்க."

"அது ஒங்களுக்கு இல்லம்மா. அவருக்கு."

"அவருக்கு வச்சத வேற யாரு திங்கிறது? அவரா எறங்கி வந்து திங்கப் போறாரு?"

இலையைப் பிடித்து இழுத்தேன். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு புள்ள. பதினெட்டு வருஷமா அவரு ஆக்கி வச்சதையெல்லாம் நான்தானே தின்னேன். இது ஒரு ஒறைப்பா?"

ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை அப்பா. இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து, வாசலுக்குப் போய் வாயைத் திறந்து காற்று வாங்கினாள். நான் சீனியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா அந்த ஆள இன்னும் கும்புடுறீங்க?" என்று கேட்டேன். "நல்லது எதாச்சும் செஞ்சாரா?"

"நல்லது செஞ்சவங்களுக்குத்தான் எலன்னா, இந்த லயத்துல செத்தவங்கள்ல பாதிப் பேரு பட்டினியாத்தான் கெடப்பாங்க."

சிரிக்கக் கூடாது என்று இருந்தும் சிரித்துவிட்டேன். அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது.

"நான் கும்புடுறேன்னு ஒனக்கு யாரு சொன்னா? அந்த மனுசன் உசுரோட இருந்தப்ப, ஒரு வார்த்த கேக்கலாம்னு வாயத் தொறந்தா செருப்ப மாட்டிக்குவாரு. பதில் சொல்லிட்டுப் போங்கன்னா பஸ்ஸு வந்துரும். இப்ப எலயப் போட்டுக் கற்பூரத்தக் கொளுத்திட்டா, அது அணையிற வரைக்கும் எந்திரிக்க முடியாதுல்ல? அது வரைக்கும் கேப்பேன்."

"நோவுல கெடந்தாரே மூணு மாசம். அப்பக் கேட்டிருக்கலாமே?"

"படுத்துக் கெடக்குற ஆளுகிட்ட என்னான்னு கேக்குறது? அது ஞாயமில்ல."

"என்னதாம்மா கேப்பீங்க?"

"அது எனக்கும் அவருக்கும். ஒனக்கு வேணும்னா நீ தனியாக் கேளு." உள்ளங்கைச் சீனியை நக்கி முடித்தாள். பிறகு சொன்னாள், "எல போடாம விட்டா அவரு தப்பிச்சிருவாரு புள்ள."

உங்கள் மேல் எனக்கு இருப்பதுதான் பெரிய கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாரம் தவறாமல் உங்கள் படத்தைத் துடைத்த அந்தக் கைக்குள் இருந்த கோபத்துக்கு முன்னால் என்னுடையது வெறும் விளையாட்டுப் பிள்ளை.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேனில் போனோம். செக் பொயின்டில் எல்லாரையும் இறக்கி, அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு சேலை, ஒரு சோடி செருப்பு, குட்டியின் படம். உங்கள் இலையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது திரும்பி, "குட்டிக்குப் பேன் பாரு," என்றாள். அவ்வளவுதான். கெஞ்சியிருந்தால் முடியாது என்று இன்னொரு தடவை சொல்லியிருப்பேன். கேட்காமல் போய்விட்டாள்.

நேற்று அமாவாசை. காலையில் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பலாக்கொட்டைக்குத் தோல் உரித்தேன். யார் சொல்லி என்று கேட்காதீர்கள்.

"அக்கா, அப்பாவுக்கு என்னா ரொம்பப் புடிக்கும்?" என்று குட்டி கேட்டாள்.

"பஸ்ஸு."

"சாப்பாட்டுலக்கா!"

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்று சித்தி அடுப்பங்கரை வாசலில் காவல் நின்றாள். "ஏய், கரண்டிய நக்கிறாதடி, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." "போன தடவ நாலு நை மிரிஸ் போட்டவளுக்கு நக்குற ஆச இருக்குமா சித்தி?" என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ருசி பார்க்காததால் உப்புப் போட மறந்திருக்கிறேன். அது வேண்டுமென்று செய்ததில்லை, நம்பினால் நம்புங்கள்.

இலை போட்டேன். கற்பூரம் கொளுத்தினேன். குட்டியைக் காக்காய் கூப்பிடச் சொல்லி வெளியே அனுப்பினேன். கை கூப்பவில்லை. உங்களுக்கு நேரே உட்கார்ந்து கேட்டேன்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா போனோமே, அப்போது பஸ் வரக்காப்பொலயில் நின்றது. எல்லாரும் பலகாரம் வாங்க இறங்கினார்கள். நான் பேக்கரியைத் தேடி ஓடி வந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் பனிஸ் அடுக்கிக்கொண்டு நின்றீர்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டினேன். பார்த்தீர்கள். தெரியாமல் பார்த்த பார்வை இல்லை அது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனீர்கள்.

பஸ் ஹோர்ன் அடிக்கும் வரை நின்றேன். யாருடி அது என்று கூட வந்தவள் கேட்டாள். "யாரோ. எங்கப்பா சாடைல இருந்தாரு," என்றேன். திரும்பி வரும் வழி முழுக்க நான் அடித்த ஜோக்குக்கு டிரைவர் கூடச் சிரித்தார். அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

"ஏம்ப்பா உள்ள போனீங்க?"

வெட்கமா? கொண்டுவர எதுவும் இல்லையே என்றா? உள்ளே வேறு யாராவது இருந்தார்களா? நான் வளர்ந்துவிட்டதால் அடையாளம் தெரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது எதையும்விடக் கேவலம்.

நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் இந்தத் தடவை நீங்கள் உள்ளே போகவும் இல்லை.

அணைந்த பிறகு உங்கள் இலையை நான் சாப்பிட்டேன். உப்பில்லாத பலாக்கொட்டை எவ்வளவு கண்றாவி என்று உங்களுக்குத் தெரியாது. முழுவதையும் சாப்பிட்டேன். அம்மா அங்கே யார் வீட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறாளோ.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி கடை ஃபோனுக்கு அம்மா கோல் எடுப்பாள். இலை போட்டுவிட்டேன் என்று சொல்வேன். அவளுக்கு அது போதும். உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அம்மா வரும் வரை ஓர் அமாவாசையும் தவற விடமாட்டேன், இது சத்தியம். கறியில் கள்ளம் இருக்காது. உப்பும் இருக்கும், அளந்து வைத்திருக்கிறேன். மன்னிப்பு மட்டும் இருக்காது, அதை இலையில் தேடாதீர்கள். ஒரு கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். நேரத்துக்கு வந்து உட்காருங்கள்.

கும்பிடாத கையோடு,
நீங்கள் பார்த்தும் பார்க்காமல் போன உங்கள் மூத்த மகள்