அடுத்த பாட்டு அவரிடம் இருக்கிறது

புதூர்நாடு
11.3.2025

அன்புத் தம்பி ஜீவானந்தத்துக்கு,

அக்கா ஈஸ்வரி எழுதுகிறேன். உன் ஆபீசுக்குப் பதினொரு முறை போன் செய்தேன். உங்கள் பாட்டு தேடும் ஆட்டத்தை ஆடுகிறவள் என்று என்னையும் நினைத்து வெட்டிவிட்டார்கள். அதனால் ஜீப் கோபால்சாமி அண்ணனிடம் இதைக் கொடுத்து, திருப்பத்தூரில் கூரியர் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் மாமா போன செவ்வாய்க்கிழமை காலையில் புளி உலுக்கப் போனார். திரும்பவில்லை. இன்றோடு எட்டு நாள். வலிப்பு மாத்திரை வீட்டிலேயே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை திருப்பத்தூர் போய், ஷாரிக் பாய் கடையில் காணவில்லை போஸ்டர் அடித்தேன். நீ ஜனவரியில் ஒட்டினாயே, மலையில் காணாமல் போன பாடகி என்று, உங்கள் ஆல்பத்துக்காக? அந்த போஸ்டர் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தது. அவசரத்துக்கு அதிலேயே படத்தையும் நம்பரையும் மாற்றிக் கொடுத்தார். மூலையில் இருந்த உங்கள் ஆட்டத்தின் பறவை முத்திரையை அவரும் எடுக்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. அடுத்த க்ளூ இன்னாக்கா என்கிறார்கள். நான் அழுதால், செமயா நடிக்கிறீங்க என்கிறாள் ஒருத்தி. ஸ்டேஷனிலும், இன்னாம்மா, நீயும் அந்தப் பாட்டு கும்பலா என்றுதான் கேட்டார்கள். இது விளையாட்டு என்று எங்கேயும் ஒத்துக்கொள்ள மாட்டோம், அதுதான் இதில் அழகு என்று நீ சொன்னபோது, மாமா உனக்குப் பசை காய்ச்சிக்கொண்டே சிரித்தார்.

ஞாயிறு மத்தியானம் ஒரு வயதானவர் பேசினார். உங்க வூட்டுக்காரரு பச்ச சட்ட போட்டுன்னு இருந்தாராம்மா என்று கேட்டார். விளையாட வேற ஆள் கிடைக்கலையா என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. போஸ்டரில் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாமா பச்சைச் சட்டைதான் போட்டுப் போனார்.

அன்று நூற்றுக்கு மேல் அழைப்புகள். ஒவ்வொன்றாகத் திரும்ப அடிக்கிறேன். அந்தக் குரல் கிடைக்கவில்லை.

ஊர்க்காரர்கள் நாலு நாள் தேடினார்கள். இது புளிக் காலம், அவர்களும் எத்தனை நாள்தான் வருவார்கள்? உன் ஆட்டக்காரப் பிள்ளைகள் மட்டும் தினமும் ஜீப்பில் வந்து இறங்குகிறார்கள். பாறையிடுக்கில் நீ ஒளித்துவைத்த விரலளவு க்ளூ சீட்டை ஒரே மத்தியானத்தில் எடுத்தவர்கள் அவர்கள்.

ஆட்டத்தை நிறுத்து என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். நிறுத்தாதே தம்பி. நிறுத்தினால் அவர்களும் போய்விடுவார்கள். மாமா படத்தைப் போட்டு, அடுத்த பாட்டு ஆனந்தன் என்ற இந்த ஆளிடம் இருக்கிறது, தேடிப் பிடிப்பவருக்குத்தான் என்று போடு. பொய்யாக இருந்தாலும் போடு. உன் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

ஒன்று மட்டும் உண்மையாக எழுது. அவர் கீழே விழுந்து துடித்தால் அது நடிப்பில்லை, படமெடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நீ நன்றாக இருப்பாய். கடிதம் கைக்கு வந்ததும் போட்டுவிடு.

உன் அக்கா,
ஈஸ்வரி