என் முழங்காலைக் காரணம் காட்டாதே

அன்பு மகள் ரமாவுக்கு லோத்குண்டாவிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் விஸ்வநாத், தேஜஸ்வினி எல்லாரும் நலம், உன் அண்ணி உஷாவுக்கு மட்டும் ஜலதோஷம், சொல்லச் சொல்ல ஏசி போட்டுத் தூங்கினால் வேறென்ன வரும். மஸ்கட்டில் நீயும் பத்ரி மாப்பிள்ளையும் நன்றாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் என்றால் குறுக்கே குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். தேஜஸ்வினி இதைப் படமெடுத்து அனுப்புவாள், என் பேத்திக்குத் தமிழ் படிக்க வராது, தைரியமாக எழுதலாம். மாரெட்பள்ளி புஷ்பா போன வாரம் முறுக்குக் குழல் கேட்டு வந்தாள். 1991 தீபாவளிக்கு வாங்கிப்போய் நட்சத்திர அச்சைத் தொலைத்துவிட்டு வெறும் குழலைத் திருப்பித் தந்தவள். நக்கோ, கிடையாது என்று சொல்லி, காபி மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பத்தொரு வயதில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறாய், சந்தோஷம். ஊரை விட்டுப் போனவர்கள் எழுதின கதைகளைப் பற்றிப் படிப்பு என்று தேஜஸ்வினி சொன்னாள். ஐம்பது வருஷமாக இங்கே தெலுங்கில் கத்தரிக்காய் பேரம் பேசுகிறேனே, நான் அதில் வருவேனா என்று கேட்டதற்கு, இல்லை நானம்மா, கடல் தாண்டினால்தான் சேர்ப்பார்கள் என்கிறாள், பாட்டி என்று தமிழில் கூப்பிடக்கூட வராது அவளுக்கு. போகட்டும். கோலாலம்பூரிலும் இடம் கிடைத்திருக்கிறது, இந்த ஊர் யுனிவர்சிட்டியிலும் கிடைத்திருக்கிறது, நீ இங்கேயே சேரப் போகிறாய் என்று உஷா உளறிவிட்டாள். ஏன் என்றால் அம்மாவுக்கு முழங்கால் வலியாம், பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அவளைத் திட்டாதே, அவள் வாயில் எது நின்றிருக்கிறது.

இரண்டு இடத்தின் காகிதங்களையும் தேஜஸ்வினியை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ படிக்க ஆசைப்படுவது ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்கள் எழுதின கதை. கோலாலம்பூரில் உனக்குக் கைடாக வரப்போகிற சுபாஸ்ரீ அம்மாள் இருபது வருஷமாக அதைத்தான் பார்க்கிறாராம், தோட்டத்து ஆட்கள் அச்சடித்த பழைய பத்திரிகை எல்லாம் அங்கேயே இருக்கிறதாம். இங்கே அந்த விஷயம் தெரிந்த ஒரே கைடு அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறார். அப்புறம் யாரிடம் போய் நிற்பாய்? இதெல்லாம் உனக்குத் தெரியாதா, தெரிந்தும் என் முழங்காலைக் காட்டுகிறாய். நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு ஆசைதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. 1964 ஜூன் ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, ஆறாம் வகுப்புக்குப் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். எங்க அப்பா, அஞ்சு படிச்சது போதும், ஆயாவைப் பார்த்துக்க ஆள் வேணும் என்றார். அவரைப் பெற்ற ஆயாவுக்கு இடுப்பு முறிந்திருந்தது. அந்தக் கிழவி என்னைப் படிக்காதே என்று சொல்லவில்லை, பாவம், தண்ணீர் கேட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. நான்கு வருஷம் அவளுக்குத் தலை வாரி விட்டேன், மலம் எடுத்தேன், செத்ததும் அழுதேன். இன்று வரைக்கும் அவள்மேல் கோபம் போகவில்லை. அப்பாவைக் கூட மன்னித்துவிட்டேன், படுத்துக் கிடந்தவளை மன்னிக்க முடியவில்லை. இது நியாயம் இல்லை என்று தெரியும், தெரிந்து என்ன செய்ய. நீ என் வயிற்றில் பிறந்தவள், எதையும் மறக்க மாட்டாய். சிரித்துக்கொண்டே எனக்குத் தைலம் தேய்ப்பாய், உள்ளே ஒரு தேதி எழுதிவைத்துக்கொள்வாய். அந்தத் தேதியில் என் பெயர் இருக்க வேண்டாம் ரமா.

அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன், விஸ்வநாத்துக்குக் கூட நேற்றுதான் சொன்னேன். நீ வந்தால் தங்கலாம் என்று வைத்திருந்த மாடி அறையை வாடகைக்கு விட்டாயிற்று. நஸ்ரின் என்று திருநெல்வேலிப் பெண், கம்ப்யூட்டர் வேலை, பதினொரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுகிறாள். நல்ல பெண், அறையைப் பார்க்க வந்த அன்றே ஆன்ட்டி எண்ணெய் எங்கே என்று கேட்டுக் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டாள். இனி நீ இங்கே வந்தால் ஹாலில்தான் படுக்க வேண்டும்.

சீக்கிரம் கோலாலம்பூருக்கு எழுதிப் போடு, பதினைந்தாம் தேதிதான் கடைசி, மாப்பிள்ளையிடம் ஞாபகப்படுத்தச் சொல். தீர்க்காயுசாக, நன்றாகப் படித்து, நல்ல பேரோடு இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
வள்ளியம்மாள்