கரையான் அரிக்காத கடிதங்கள்

அப்பாவுக்குக் கனகலட்சுமி எழுதுவது. சுகமா என்று கேட்க மனம் வரவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நேற்று இங்கே பல்கலைக்கழக நூலகத்தில், இந்தியப் பட்டாளத்துக்காரர்களின் குடும்பக் கடிதங்களைத் தேடும் இணையப் பட்டியல் வாசகர்களுக்குப் புரிகிறதா என்று சோதிக்க என்னை உட்காரவைத்தார்கள். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேட வேண்டும். நம் ஊர்ப் பெயரை, வன்னியம்பட்டி என்று தட்டினேன். நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது அம்மா உங்களுக்கு எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள்! கொடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். “அம்புட்டையும் கரையான் அரிச்சிருச்சு, தாயீ” என்று அம்மாவின் பதினாறாம் நாளன்று பொய் சொன்னீர்களே? வாய்விட்டே திட்டினேன். தமிழ் தெரியாத அந்த நூலகப் பெண், “எளிதாகக் கண்டுபிடித்தார்” என்று குறித்துக்கொண்டாள்.

கொடுத்தவர் சம்மதித்தால்தான் கடிதங்களைத் திறந்து காட்டுவார்களாம். இந்த உறைக்குள்ளே படிவம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இங்கே என்னோடு தமிழில் பேச ஆளில்லை. அம்மாவாவது பேசட்டும்.